மூட்டையில் போடும் கணக்கு: பயிர்ச் சாகுபடி உண்மையில் என்ன தருகிறது என்று கண்டறியும் வழி

ஒரு ஹெக்டேர் நிலத்தில் தானியம் பயிரிடும் குடும்பத்திடம் இந்தப் பருவத்தில் என்ன மிஞ்சியது என்று கேட்டால், பெரும்பாலும் விற்ற தொகையைச் சொல்வார்கள். சிலர் கடன் அடைத்தபின் கையில் நின்ற தொகையைச் சொல்வார்கள். இரண்டும் கேள்விக்கான பதில் அல்ல. முதல் தொகையில் செலவு கழியவில்லை. இரண்டாவதில் ஆறு மாதம் வீட்டார் சிந்திய வியர்வைக்கு விலை போடவில்லை.

உலகில் சுமார் 60 கோடி பண்ணைகள் இருக்கின்றன. அவற்றில் ஆறில் ஐந்து பங்கு இரண்டு ஹெக்டேருக்கும் குறைவானவை, பெரும்பாலும் வளரும் நாடுகளில் இருப்பவை. உலக உணவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அவைதான் விளைவிக்கின்றன. இத்தனை பேரின் வாழ்வு தங்கியிருக்கும் ஒரு கணக்கு பெரும்பாலும் எழுதப்படாமலே போகிறது என்பது என்னை நெடுநாளாக உறுத்தும் விஷயம். பயிர் செய்பவருக்கும், அவருக்குக் கடன் கொடுப்பவருக்கும், ஆலோசனை சொல்பவருக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் படி: பணத்தை ஒதுக்கிவைத்து மூட்டையை அளவுகோலாக எடுங்கள்

எல்லாச் செலவையும் விளைபொருளின் மூட்டைகளாக மாற்றி எழுதுங்கள். விதைக்கு எத்தனை மூட்டை, உழவுக்கு எத்தனை மூட்டை, ஒரு நாள் கூலி எத்தனை மூட்டை என்று. விலைவாசி ஏறிக்கொண்டே இருக்கும் நாட்டில் ஐந்து ஆண்டுக்கு முந்தைய பணக்கணக்கை இன்றைய கணக்கோடு ஒப்பிட முடியாது. மூட்டைக் கணக்கை ஒப்பிடலாம். அன்று ஒரு மூட்டை உரத்துக்கு ஒரு மூட்டை தானியம் போதுமாயிருந்து, இன்று ஒன்றரை மூட்டை தேவைப்படுகிறது என்றால், விவசாயியின் நிலை எந்தத் திசையில் நகர்கிறது என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும்.

மாற்றுவதற்கு ஒரு விலை வேண்டும். அறுவடை முடிந்த மாதத்தில் சந்தையில் கிடைக்கும் விலையை எடுங்கள். கடந்த ஐந்து ஆண்டு விலைகளை எழுதி, மிக உயர்ந்த ஆண்டை அடித்துவிட்டு, மீதி நான்கின் சராசரியைக் கொள்வது நல்லது. நல்ல விலை கிடைத்த அந்த ஓர் ஆண்டுதான் எல்லார் நினைவிலும் தங்கியிருக்கும். கணக்கைக் கெடுப்பதும் அதுவே.

இனிவரும் எண்கள் நான் விளக்கத்துக்காக அமைத்தவை. உங்கள் எண்கள் வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை மாறாது.

இரண்டாம் படி: கையை விட்டுப் போன பணம்

ஒரு ஹெக்டேர், 50 கிலோ மூட்டையில் 60 மூட்டை விளைச்சல் என்று வைத்துக்கொள்வோம். விதை 3, உழவு வாடகை 5, உரம் 8, பூச்சிமருந்து 2, நடவுக்கும் களையெடுப்புக்கும் கொடுத்த கூலி 9. இதுவரை 27 மூட்டை. இதில் பாதிக்கும் மேல், 18 மூட்டை மதிப்புக்கு, கடன் வாங்கியதாகக் கொள்வோம். மாதம் 3 சதவீத வட்டியில் ஆறு மாதத்துக்கு 18 சதவீதம் ஆகிறது, அதாவது சுமார் 3 மூட்டை. ஆக, அறுவடைக்கு முன்பே 30 மூட்டை மண்ணுக்குள் போய்விட்டது. அறுவடை, கதிரடிப்பு, சாக்கு, வண்டி வாடகை, தரகு எல்லாம் சேர்த்து இன்னொரு 8.

மொத்தம் 38. மிஞ்சுவது 22 மூட்டை.

அறுவடைக்கு முந்திய 30 விளைச்சல் எவ்வளவு ஆனாலும் குறையாது. பிந்திய 8 விளைச்சலோடு சேர்ந்து ஏறி இறங்கும். இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள், பின்னால் தேவைப்படும். வட்டியை உரத்தோடோ விதையோடோ கலக்காமல் தனி வரியில் போடுங்கள். உரக்கடையில் கடனாக வாங்கும்போது வட்டி உரத்தின் விலைக்குள் ஒளிந்திருக்கும். ரொக்க விலைக்கும் கடன் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டு, அதையும் வட்டி வரியில் சேருங்கள்.

மூன்றாம் படி: கொடுக்காத கூலியும் கொடுக்காத குத்தகையும்

பெரும்பாலோர் தவறவிடுவது இந்தப் படியைத்தான். எனவே இங்கே கொஞ்சம் நிற்போம்.

வீட்டார் இந்தப் பயிருக்கு 55 நாள் உழைத்தார்கள். அதில் பெண்களின் நாட்களையும் அரைநாள் வேலைகளையும் விடாமல் சேருங்கள். களையெடுப்பு, உலர்த்துதல், விதை பொறுக்குதல் ஆகியவை பல நாடுகளில் பெண்களின் வேலையாக இருப்பதாலேயே கணக்கில் ஏறாமல் போகின்றன. வெளியே கூலிக்குப் போனால் ஒரு நாளுக்கு 10 கிலோ தானியத்தின் மதிப்பு, அதாவது 0.2 மூட்டை கிடைக்கும் என்று கொண்டால், 55 நாளுக்கு 11 மூட்டை. 22இல் இதைக் கழித்தால் 11 மிஞ்சுகிறது.

அடுத்தது நிலம். சொந்த நிலமே ஆனாலும், அதைக் குத்தகைக்கு விட்டிருந்தால் 12 மூட்டை வந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் கழித்தால் கணக்கு ஒரு மூட்டை நட்டத்தில் முடிகிறது.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்ற பழமொழி சொல்வது இந்தக் கடைசி வரியை. ஆனால் அதைக் கேட்டுக் கணக்கு நோட்டை மூடிவிடுபவர்கள் தவறு செய்கிறார்கள். 22, 11, கழித்தல் 1 ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். இந்தப் பருவத்தில் குடும்பம் எதை வைத்துச் சாப்பிடும் என்பதற்கு விடை 22. உழைப்புக்குக் கூலி போட்டபின் நிலம் என்ன தந்தது என்பதற்கு 11. இந்த நிலத்தை வாடகைக்கு எடுத்து, எல்லா வேலைக்கும் கூலி கொடுத்து ஒரு தொழிலாக நடத்தினால் நிற்குமா என்பதற்குக் கடைசி எண்.

இந்தியாவில் பயிர்களுக்கு ஆதரவு விலை பரிந்துரைக்கும் ஆணையம் ஏ2, ஏ2 கூட்டல் எஃப்எல், சி2 என்று பிரிப்பது ஏறத்தாழ இந்த மூன்றையே. முதலாவது கையிலிருந்து கொடுத்த செலவு. இரண்டாவது அதோடு குடும்ப உழைப்பின் மதிப்பு. மூன்றாவது அதோடு சொந்த நிலத்தின் வாடகையும் சொந்த முதலின் வட்டியும். ஆதரவு விலை செலவைவிட ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டபின்னும் அங்கே சண்டை ஓயாததற்குக் காரணம், எந்தச் செலவைவிட என்பதுதான். அரசு ஏ2 கூட்டல் எஃப்எல் என்கிறது. விவசாய சங்கங்கள் சி2 என்கின்றன. எந்த நாட்டிலும் யாராவது உங்களிடம் சாகுபடிச் செலவு இவ்வளவு என்று சொன்னால், எந்த வரிவரை கழித்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

குடும்பத்துக்கு மிகவும் பயன்படும் எண் வேறொன்று. மிஞ்சிய 22ஐ 55 நாளால் வகுத்தால் ஒரு நாள் உழைப்புக்கு 0.4 மூட்டை வருகிறது, வெளிக்கூலியைப் போல இரு மடங்கு. சொந்த நிலம் உள்ளவருக்கு இந்தப் பயிர் கூலிக்குப் போவதைவிட மேல். அதே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு 22இல் 12 போக 10 மிஞ்சுகிறது. நாளுக்கு 0.18 மூட்டை. அவர் கூலியாளைவிடக் குறைவாக ஈட்டுகிறார், அதற்கு மேல் மழையின் அபாயத்தையும் தானே சுமக்கிறார். இருவரும் பக்கத்துப் பக்கத்து வயலில் ஒரே பயிரை ஒரே விதமாகச் செய்கிறவர்கள். அவர்களுக்கு ஒரே ஆலோசனையைச் சொல்ல முடியாது.

கூலிக்குக் கீழே வருமானம் போனாலும் குடும்பங்கள் ஏன் உழுகின்றன? ருஷ்யப் பொருளியலாளர் அலெக்சாண்டர் சயானோவ் 1920களில் இதற்குத் தெளிவான விளக்கம் கொடுத்தார். வீட்டாருக்கு வெளியே வேலை நிச்சயமில்லை, சாப்பிட வேண்டிய வாய்களோ நிச்சயம். அதனால் கூலியாளை வைத்தால் கட்டுப்படியாகாத வேலையையும் தாங்களே செய்கிறார்கள். சிறு பண்ணைகளில் ஹெக்டேருக்கான விளைச்சல் பெரிய பண்ணைகளைவிட அதிகமாக இருப்பதை 1962இல் அமர்த்தியா சென் இந்தியத் தரவுகளிலிருந்து எடுத்துக்காட்டியதற்குப் பின்னாலும் இதே தர்க்கம் இருக்கிறது. சிறுவிவசாயிக்குக் கணக்குத் தெரியாது என்று பேசுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். வேலை கிடைக்காத நாளுக்கு வெளிக்கூலியை அப்படியே போடுவதும் தவறுதான். ஊரில் வேலை கிடைக்கும் மாதங்களுக்கு முழுக்கூலி, கிடைக்காத மாதங்களுக்குப் பாதி என்று போடுங்கள்.

இன்னொன்று: வீட்டுக்கென வைத்துக்கொண்ட தானியத்துக்கு விற்கும் விலையைப் போடாதீர்கள். அது இல்லாவிட்டால் பஞ்ச மாதத்தில் கடைவிலைக்கு வாங்கியிருப்பீர்கள், ஆகவே அந்த விலையைப் போடுங்கள். சந்தையில் நட்டமாகத் தெரியும் உணவுப் பயிரைக் குடும்பங்கள் விடாப்பிடியாகப் பயிரிடுவதில் இருக்கும் நியாயம் அப்போது புலப்படும்.

நான்காம் படி: கடைசி மூட்டை உரத்தைக் கேள்வி கேளுங்கள்

உரம் மொத்தத்தில் லாபமா என்று கேட்பதில் பயனில்லை. கடைசியாகப் போட்ட மூட்டை தன் விலையைத் திருப்பித் தந்ததா என்று கேளுங்கள். 50 கிலோ யூரியாவில் 46 சதவீதம், அதாவது 23 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அதன் விலை ஒன்றரை மூட்டை தானியம் என்று கொள்வோம். முதல் மூட்டை யூரியா 6 மூட்டை தானியத்தைக் கூட்டுகிறது, இரண்டாவது 4, மூன்றாவது 2, நான்காவது 1. நான்காவது வெளிப்படையான நட்டம். மூன்றாவது ஒன்றரைக்கு இரண்டு தருகிறது. காகிதத்தில் லாபம்தான். ஆனால் கூடுதல் அறுவடைச் செலவையும் வட்டியையும் கழித்து, மழை பொய்த்தால் அந்த இரண்டும் வராது என்பதையும் நினைத்தால், அதைத் தொடக்கூடாது. போட்ட ஒன்றுக்குக் குறைந்தது இரண்டு திரும்பினால்தான் சிறுவிவசாயிக்குப் பரிந்துரைக்கலாம் என்பது நெடுங்காலமாக வழங்கும் விதி. நம் கணக்கில் அது இரண்டு மூட்டையோடு நின்றுவிடச் சொல்கிறது.

பரிந்துரைகளில் வரும் விளைச்சல் எண்களை அப்படியே நம்ப வேண்டாம். ஆய்வு வயலில் சரியான நாளில் விதைத்து, சரியான நாளில் களையெடுத்து, சிறு பாத்தியில் சிந்தாமல் அறுப்பார்கள். மெக்சிகோவில் உள்ள மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி மையமான சிமிட், விவசாயியின் வயலுக்குக் கணக்கிடும்போது ஆய்வு விளைச்சலில் 5 முதல் 30 சதவீதம்வரை குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. புதிய முறை ஒன்றை எடைபோடும்போது அது சொல்லும் இன்னொரு வழியும் வேலையை எளிதாக்கும். முழுச் செலவையும் மறுபடி போட வேண்டாம். மாறுகிற வரிகளை மட்டும் எழுதி, கூடும் செலவுக்கு எதிரே கூடும் வரவை வையுங்கள்.

லாபம் என்று தெரிந்தும் உரம் வாங்காமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், விதைக்கும் மாதத்தில் கையில் காசு இல்லாததுதான். மேற்குக் கென்யாவில் பொருளியலாளர் எஸ்தர் டுஃப்ளோவும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு இதோடு பொருந்துகிறது. அறுவடை முடிந்தவுடன், பணம் இருக்கும் வேளையில், அடுத்த பருவத்து உரத்துக்கு முன்பணம் கட்டினால் பின்னால் இலவசமாகக் கொண்டுவந்து கொடுப்போம் என்றார்கள். உரம் வாங்குவோர் குறிப்பிடத்தக்க அளவு கூடினார்கள். விற்ற வாரத்திலேயே அடுத்த விதையையும் அடியுரத்தையும் வாங்கிவிடுவது, மாதம் 3 சதவீத வட்டியைத் தவிர்ப்பதற்கு நான் அறிந்த மிக எளிய வழி.

ஐந்தாம் படி: மோசமான ஆண்டையும் நல்ல ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள்

60 மூட்டை என்பது வழக்கமான ஆண்டு. ஐந்தில் ஓர் ஆண்டு மழை பொய்த்து 25 மூட்டைதான் வருகிறது என்போம். அறுவடைக்கு முந்திய 30 ஏற்கெனவே போய்விட்டது, அறுவடைச் செலவு 3 மூட்டைக்கும் சற்று அதிகம். எட்டு மூட்டைக்கு மேல் நட்டம். வீட்டுச் சாப்பாட்டுக்கு 20 மூட்டை வேண்டும் என்றால் பள்ளம் 28 மூட்டை. மாட்டை விற்பதும் பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்துவதும் நேர்வது இந்தப் பள்ளத்தில்தான்.

நல்ல ஆண்டில் 75 மூட்டை விளைகிறது. ஆனால் உங்களுக்கு நல்ல மழை என்றால் பக்கத்து ஊருக்கும் நல்ல மழைதான். விலை 20 சதவீதம் இறங்குகிறது. 75 மூட்டையின் மதிப்பு பழைய 60 மூட்டைக்குச் சமமாகிறது, அறுவடைச் செலவோ 10 ஆகிறது. 60இல் 40 போக மிஞ்சுவது 20. வழக்கமான ஆண்டின் 22ஐவிடக் குறைவு! விளைச்சல் குறைந்தால் விலை அதைவிடப் பெரிய விகிதத்தில் ஏறும் என்பதை இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கவனித்து எழுதிவைத்தார்கள். மக்கள் உண்ணும் அளவு விலைக்கேற்பப் பெரிதாக மாறாததே காரணம். அது மறுபக்கமும் பாயும்: விளைச்சல் கூடினால் விலை விழும்.

ஐந்து ஆண்டையும் கூட்டுங்கள். மூன்று வழக்கமான ஆண்டுக்கு 66, நல்ல ஆண்டுக்கு 20, மோசமான ஆண்டில் 8 கழிகிறது. ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் பதினைந்தரை மூட்டை. வீடு கட்டுவதோ கடன் வாங்குவதோ, 22ஐ நம்பி முடிவெடுப்பவர் ஆண்டுக்கு ஆறரை மூட்டை அதிகமாகச் செலவழிக்கிறார்.

விளைச்சல் மாறாமல் விலை மட்டும் கால்பங்கு குறைந்தால்? 60 மூட்டையின் மதிப்பு 45 ஆகிறது, செலவு அதே 38. மிஞ்சுவது 7. விலை கால்பங்குதான் இறங்கியது, வருமானம் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. செலவு அதிகமான பயிர்களில் இந்தச் சரிவு இன்னும் செங்குத்தாக இருக்கும்.

மழைமானி காட்டும் அளவை வைத்து இழப்பீடு தரும் வானிலைக் குறியீட்டுக் காப்பீடு கிடைத்தால், மழைமானி உங்கள் வயலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். அங்கே மழை பெய்து இங்கே காய்ந்தால் இழப்பீடு வராது.

ஆறாம் படி: ஈரம், சேமிப்பு, விற்கும் மாதம்

20 சதவீத ஈரத்தில் உள்ள 100 கிலோ தானியத்தை 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் 93 கிலோ நிற்கும். உலர்பொருள் 80 கிலோ, அது 86 சதவீதமாக இருக்க வேண்டும். 80ஐ 0.86ஆல் வகுத்தால் கிடைப்பது இந்த எண். ஆகவே ஈரத்துக்காக வியாபாரி 7 கிலோவுக்கு மேல் கழித்தால், உலர்த்தும் கூலியையும் சேர்த்துப் பார்த்து, களத்தில் காயவைப்பது மேலா என்று முடிவு செய்யலாம்.

அறுவடையில் விற்காமல் பஞ்ச மாதம்வரை வைத்திருங்கள் என்ற அறிவுரை எல்லா இடத்திலும் கிடைக்கும். கென்யாவின் மக்காச்சோளச் சந்தைகளில் அறுவடை விலைக்கும் பஞ்சகால விலைக்கும் இடையே 25 முதல் 40 சதவீதம்வரை வேறுபாடு காணப்பட்டிருக்கிறது. ஆனால் கடன்பட்டவருக்கு அந்த அறிவுரை பொருந்துமா என்று போட்டுப் பாருங்கள். ஆறு மாத வட்டி 18 சதவீதம். காற்றுப் புகாத மூன்றடுக்குப் பையில் வைத்தாலும் இழப்பு 5 சதவீதம் என்று கொள்வோம். 1.18ஐ 0.95ஆல் வகுத்தால் 1.24. அதாவது விலை 24 சதவீதம் ஏறினால்தான் முதலுக்கு மோசமில்லை. சாதாரணச் சாக்கில் வைத்து வண்டு 15 சதவீதம் தின்றால், 39 சதவீதம் ஏற வேண்டும். மாதம் ஒரு சதவீத வட்டிக்குக் கடன் கிடைத்தால், நல்ல பையில் 12 சதவீத ஏற்றமே போதும். சேமிப்புக் கிடங்கு மட்டும் கட்டிக்கொடுக்கும் திட்டங்கள் பல இடங்களில் வெறுங்கிடங்காக நிற்பதற்குக் காரணம், அவை வட்டியைத் தொடவில்லை என்பதுதான். தானியத்தை அடகாக வைத்து நியாயமான வட்டியில் கடன் தரும் கிடங்கு ரசீது முறை இருந்தால், அதுவே முதல் வாய்ப்பு.

ஏழாம் படி: வேறு பயிர் என்றால் எதால் வகுப்பது?

ஹெக்டேருக்கு எவ்வளவு என்று மட்டும் ஒப்பிடாதீர்கள். உங்களுக்கு எது பற்றாக்குறையோ அதால் வகுங்கள். காய்கறி 40 மூட்டை மதிப்பை மிச்சம் தரலாம். அதற்கு 160 நாள் உழைப்பு வேண்டுமென்றால், நாளுக்கு 0.25தான். தானியத்தின் 0.4ஐவிடக் குறைவு. ஆள் நிறைய இருந்து நிலம் குறைவாக இருப்பவருக்குக் காய்கறி, நிலம் இருந்து ஆள் இல்லாதவருக்குத் தானியம். கிணற்று நீர் குறைவென்றால் ஒரு பாசனத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். வரிசை மறுபடி மாறும். போன ஆண்டு விலை ஏறியது என்பதற்காகப் பயிரை மாற்றாதீர்கள். எல்லாரும் அதையே பார்த்துத்தான் விதைக்கிறார்கள்.

அரசின் முடிவுகளும் கணக்கில் நுழையும். இலங்கை 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, விவசாயிகளின் எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு நவம்பரில் தடையை நீக்கியது. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடைசெய்தது. 1989இல் பன்னாட்டுக் காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை முறிந்ததும் உலக விலை சரிந்தது. காபிச் செடியைப் பிடுங்கி அடுத்த பருவமே வேறொன்றுக்கு மாற முடியாது. பல்லாண்டுப் பயிர் நடுபவர் விலை பாதியானாலும் தாங்குமா என்ற ஒரு வரியைக் கட்டாயம் எழுத வேண்டும்.

எட்டாம் படி: குத்தகை பேசும் நாள்

நோட்டில் உள்ள எண்கள் பேரத்தில் உதவும் இடம் இது. ஐந்தாண்டுச் சராசரி பதினைந்தரை மூட்டை. அதில் வீட்டாரின் கூலி 11 போனால் நாலரை மிஞ்சுகிறது. நிலையான குத்தகையாக நீங்கள் கொடுக்கக்கூடியது அவ்வளவுதான். நில உரிமையாளர் கேட்பது 12. வழக்கமான ஆண்டை மட்டும் பார்த்தால் 11 வரை கொடுக்கலாம் போலத் தோன்றும், பலர் கையெழுத்திடுவதும் அந்தத் தோற்றத்தை நம்பித்தான்.

வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் ஒரு பங்கைக் கொடுப்பதாகப் பேசினால், மழை பொய்த்த ஆண்டின் சுமையில் உரிமையாளரும் பங்கெடுப்பார், அது நல்லது. ஆனால் விளைச்சலில் பாதியைக் கொடுத்துவிட்டு முழு உரச் செலவையும் நீங்களே ஏற்றால், நான்காம் படியின் கணக்கு மாறிவிடும். இரண்டாவது மூட்டை யூரியா தரும் 4 மூட்டையில் உங்களுக்கு 2தான், அதற்குக் கொடுத்ததோ ஒன்றரை. நீங்கள் ஒரு மூட்டையோடு நிறுத்துவீர்கள், விளைச்சல் இருவருக்கும் குறையும். எனவே விளைச்சலைப் பகிரும் அதே விகிதத்தில் இடுபொருள் செலவையும் பகிர வேண்டும் என்று கேளுங்கள், இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டியே கேளுங்கள். மேற்கு வங்கத்தில் 1978இல் தொடங்கிய ஆபரேஷன் பர்கா, வாரதாரரின் பெயரைப் பதிவுசெய்து, வெளியேற்றப்படாத உரிமையையும் கூடுதல் பங்கையும் உறுதிசெய்தபோது விளைச்சல் உயர்ந்ததைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. உங்கள் ஊரில் அத்தகைய பதிவு இல்லையென்றால், எத்தனை ஆண்டு, என்ன பங்கு, உரத்துக்கு யார் எவ்வளவு என்ற மூன்றையாவது எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.